பலவீனரின் நடையே பயணத்தின் நடை: அந்தமான் செல்ல எண்ணும் குடும்பங்களுக்கு

 

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் முஹல்லாக்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளைகளின் வருகையை ஒட்டி நாள் குறிக்கப்படுகிறது. ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த பேச்சு இப்போது அந்தமான் தீவுகளை எட்டியிருக்கிறது. பவளப்பாறைகள், கடலாமைகள், மழைக்காடுகள், வேறெங்கும் காணக்கிடைக்காத பறவைகள் என அல்லாஹ்வின் படைப்பாற்றலை அருகிருந்து காணும் வாய்ப்பு அங்கு உண்டு. பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்கும்படி திருக்குர்ஆன் நம்மை ஏவுகிறது (29:20). ஆகவே இந்த ஆவலை நாம் குறை கூறவில்லை, வரவேற்கிறோம்.

ஆயினும் அதே வீட்டில், 'கப்பல்' என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் வாடும் ஒருவர் இருக்கிறார். மலைப்பாதைப் பேருந்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வரும் உம்மாவாக அவர் இருக்கலாம். ஒற்றைத் தலைவலியால் அவதியுறும் மருமகளாக இருக்கலாம். காரின் பின்னிருக்கையில் அமர்ந்தாலே குமட்டும் எட்டு வயதுச் சிறுவனாகவும் இருக்கலாம். இவர்கள் விஷயத்தில் நம் குடும்பங்கள் வழக்கமாக மூன்றில் ஒன்றைச் செய்கின்றன. 'உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது' என்று வீட்டில் விட்டுச் செல்கின்றன. 'ஒன்றும் ஆகாது, வாருங்கள்' என்று இழுத்துச் செல்கின்றன. அல்லது அவரது இயலாமையைப் பயணம் முழுவதும் பேசிச் சிரிக்கும் வேடிக்கையாக்கிவிடுகின்றன. இம்மூன்றும் தவறானவை என்பதும், பயணத் திட்டத்தையே அவரை முன்வைத்து அமைப்பதுதான் சுன்னத்தின் வழி என்பதும் நம் கருத்தாகும்.

நபிவழி காட்டும் பயண ஒழுங்கு

உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரழி) அவர்களை இமாமாக நியமித்தபோது, பின்னால் நிற்போரில் மிகப் பலவீனமானவரைக் கருத்தில் கொண்டு தொழவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தொழுகையின் நீளத்தையே பலவீனரின் தாங்குதிறன் தீர்மானிக்கும்போது, சுற்றுலாவின் நீளத்தை வலிமையுள்ள இளைஞன் தீர்மானிப்பது எவ்வாறு முறையாகும்?

பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் எங்கு இருந்தார்கள் என்பதையும் ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கூட்டத்தின் பின்னே தங்கி, நடக்க இயலாதவரை மெல்ல முன்னே செலுத்துவார்கள். தேவையானவரைத் தம் வாகனத்தில் பின்னே ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காக துஆச் செய்வார்கள் (அபூதாவூத்). பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் பாட்டிசைத்து விரைவாக ஓட்டியபோது, அப்பெண்களைக் கண்ணாடிக் கலங்களுக்கு ஒப்பிட்டு, மெதுவாகச் செல்லும்படி அவரைத் தடுத்த நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. ஊர்தியின் குலுக்கல் ஒரு பெண்ணின் உடலை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்ப்பது, இம்மார்க்கத்தில் தலைவரின் பொறுப்புகளில் ஒன்று.

கடற்பயணத்தில் ஏற்படும் மயக்கத்தைக் குறித்தே ஒரு ஹதீஸ் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கடலில் தலைசுற்றி வாந்தி எடுப்பவருக்கு ஒரு ஷஹீதின் நற்கூலி உண்டு என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அதை அறிவிப்பவர் உம்மு ஹராம் (ரழி) அவர்கள். அனஸ் (ரழி) அவர்களின் சிறிய தாயாரான அவர்கள், முதியவயதில் கப்பலேறி சைப்ரஸ் தீவு சென்று, அங்கேயே வாகனத்திலிருந்து விழுந்து இறையடி சேர்ந்தவர்கள். இன்றும் லார்னகா நகருக்கருகே அவர்களின் அடக்கத்தலம் உள்ளது. அல்லாஹ்வின் பாதையில் அல்லது ஹஜ் போன்ற வணக்கத்திற்காகக் கடலேறியவர்களைக் குறித்தே அந்நபிமொழி பேசுகிறது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளார்கள். நம் சுற்றுலாவுக்கு அக்கூலியைக் கணக்கிட்டுக்கொள்வது முறையன்று. ஆனால் ஒரு பாடம் நமக்கு உறுதியாகக் கிடைக்கிறது. கடல்மயக்கம் மெய்யான துன்பம். அதை அல்லாஹ்வின் தூதர் துன்பமாகவே மதித்தார்கள். நாம் அதை 'பாவனை' என்றும் 'பலவீன மனசு' என்றும் சொல்லத் தகாது.

உடலில் நிகழ்வது என்ன?

நம் உட்காதில் சமநிலையை உணரும் உறுப்பு ஒன்றை அல்லாஹ் அமைத்துள்ளான். கப்பல் அசையும்போது அவ்வுறுப்பு 'உடல் அசைகிறது' என்று மூளைக்குச் சொல்கிறது. மூடிய அறையில் அமர்ந்திருப்பவரின் கண்களோ, எதிரிலுள்ள சுவரும் இருக்கையும் அசையாதிருப்பதைக் கண்டு, 'அசைவில்லை' என்று சொல்கின்றன. இவ்விரு சாட்சிகளும் முரண்படும்போதுதான் வியர்வை, கொட்டாவி, குமட்டல், வாந்தி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மன உறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிதாகவே வரும். அதன் பின் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கும், குறிப்பாகக் கருவுற்றவர்களுக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளோருக்கும் மிகுதியாக வருகிறது.

இந்த அமைப்பை அறிந்தால் தீர்வும் விளங்கும். கண்ணுக்கு அசைவைக் காட்ட வேண்டும். உடலின் அசைவைக் குறைக்க வேண்டும். பயணத் திட்டத்தின் எல்லாப் பகுதிகளும் இவ்விரண்டின் மீதே அமைய வேண்டும்.

திட்டம் தொடங்கும் இடம் மஷூரா

தங்கள் காரியங்களைக் கலந்தாலோசித்து முடிவு செய்வோரை அல்லாஹ் புகழ்ந்துரைக்கிறான் (42:38). நம் குடும்பங்களில் நடப்பதோ வேறு. ஆண்கள் தொலைபேசியில் 'ஐந்து இரவு, ஆறு பகல்' என்ற தொகுப்புப் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். எத்தனை முறை கடலேற வேண்டும் என்பதை வாந்தி எடுக்கப்போகும் பெண் படகுத்துறையில் நிற்கும்போதுதான் அறிகிறாள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டில் அமர்ந்து, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, யார் எந்த மருந்து உண்கிறார், யார் கர்ப்பிணி, யாருக்கு மூட்டுவலி என்று கேட்டறிய வேண்டும். மூவர் பயணம் செய்தால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளச் சொல்கிறது ஹதீஸ். அந்த அமீரின் முதல் கடமை இக்கேள்விகளைக் கேட்பதே.

தொகுப்புப் பயணங்களில் வழக்கமாக வைக்கப்படும் வழி இது: போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல் தீவு, பின்னர் மீண்டும் போர்ட் பிளேர். (போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும், ஹேவ்லாக்கும் நீலும் 2018இல் சுவராஜ் த்வீப், ஷாஹீத் த்வீப் என்றும் பெயர் மாற்றப்பட்டன, மக்கள் வழக்கில் பழைய பெயர்களே நிலவுவதால் அவற்றையே இங்கு ஆள்கிறோம்.) அதாவது நான்கு நாள்களுக்குள் திறந்த கடலில் மூன்று பயணங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவருக்கு முதல் பயணத்தின் களைப்பு தீருமுன் இரண்டாவது வந்துவிடுகிறது. அவர் தீவைக் காண்பதில்லை; விடுதி அறையின் கூரையையே காண்கிறார்.

நாம் முன்வைக்கும் வழி வேறு. போர்ட் பிளேரைத் தங்குமிடமாகக் கொள்ளுங்கள். திறந்த கடற்பயணத்தை ஒரேயொரு தீவுக்கு, போகவும் வரவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இரண்டு இரவுகளேனும் அங்கு தங்குங்கள். உடல் மிகவும் தளர்ந்தவர் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். நீக்கினால் பயணம் வெறுமையாகிவிடும் என்ற எண்ணம் தவறு. அதைப் பின்னர் விளக்குகிறோம்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வானூர்தியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கப்பலில் சென்றால் இரண்டரை முதல் மூன்று நாள்கள் ஆகும். செலவைக் கருதிக் கப்பலை நாடுவோர் உண்டு. கடல்மயக்கம் உள்ளவரை அந்த மூன்று நாள் சோதனைக்கு உட்படுத்துவது சிக்கனமாகாது. பணம் போதாவிடில் ஓராண்டு சேமித்துவிட்டுச் செல்லலாம்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பது மருந்தைவிட முக்கியமானது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தமான் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். மே மாதத்தின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் தொடுவது அத்தீவுகளைத்தான். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை மே இறுதிவரை நீள்வதால் பலர் அந்த வாரங்களில் சென்று கொந்தளிக்கும் கடலில் சிக்கிக்கொள்கிறார்கள். விடுமுறை தொடங்கிய உடனேயே சென்று திரும்புவது நலம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் புயல்கள் உருவாவதையும் மனத்தில் கொள்ள வேண்டும். எந்த மாதமாயினும், கப்பல் இரத்தாகக்கூடும் என்று எண்ணி, ஊர் திரும்பும் வானூர்திக்கு முன் ஒரு நாளை வெறுமையாக விட்டுவைப்பது அறிவுடைமை.

கரையிலிருந்தே காணக்கூடியவை

கடலேறாதவருக்கு அந்தமானில் காண ஒன்றுமில்லை என்று நினைப்போர், அத்தீவுகளின் சிறப்பு காட்டில்தான் பாதி இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். போர்ட் பிளேருக்குத் தெற்கே சாலை முடியும் இடத்திலுள்ள சிடியா டாப்பு, பெயருக்கேற்பப் பறவைகளின் இடம். அந்தமானுக்கே உரிய மரங்கொத்தி, பாம்புண்ணிக் கழுகு, செம்போத்து, வால்காக்கை, கரிச்சான் ஆகியவற்றை அதிகாலையில் அங்கு தேடலாம். தாழ்நிலச் சதுப்புகளான சிப்பிகாட், ஒக்ராபிராஜ் பகுதிகளில் நீர்ப்பறவைகள் கூடும். அந்தமான் கிளுவை வாத்தை அங்கு காணும் வாய்ப்புண்டு. ஸுப்ஹுத் தொழுதுவிட்டு நேரே புறப்பட்டால் பறவைகளின் நேரமும் நம் நேரமும் ஒன்றாகிவிடும்.

மவுண்ட் ஹாரியட் என்று அறியப்பட்ட மலைக்காட்டுக்குச் சாலைவழியும் உண்டு. துறைமுகத்துக்குள்ளேயே ஓடும் சிறு படகில் கடந்தும் செல்லலாம். துறைமுக நீர் நாற்புறமும் நிலத்தால் காக்கப்பட்டிருப்பதால் அலை குறைவு. உம்மாவுக்குக் கடல் எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்பதைச் சோதித்தறிய இத்தகைய குறும்பயணம் ஏற்றது. ராஸ் தீவும் நகருக்கு எதிரே மிக அருகில் உள்ளது. அங்கு புள்ளிமான்கள் அச்சமின்றி உலவும். அவை அத்தீவின் இயற்கைக் குடிகள் அல்ல. வெள்ளையர் கொண்டுவந்து விட்டவை. ஒரு மனிதக் கூட்டம் தன் பொழுதுபோக்குக்காக ஓர் உயிரினத்தை இடம் மாற்றினால், அது நூறாண்டு கடந்தும் இளஞ்செடிகளை மேய்ந்து காட்டைத் தேய்க்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே விளக்கலாம்.

பவளப்பாறையைக் காண விரும்புவோருக்கு வண்டூர் உள்ளது. 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா பதினைந்து தீவுகளை உள்ளடக்கியது. அதன் வாயில் வண்டூர். அங்கிருந்து ஜாலி பாய் தீவுக்குச் செல்லும் படகு, தீவுகளுக்கும் அலையாத்திக் காடுகளுக்கும் இடையிலான நீர்வழியில் பெரும்பகுதி செல்வதால், ஹேவ்லாக் பயணத்தைவிட அசைவு குறைவு. வனத்துறையின் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பெற வேண்டும். பருவத்தைப் பொறுத்து ஜாலி பாய் மூடப்பட்டு ரெட் ஸ்கின் தீவு திறக்கப்படும் என்பதால் எது திறந்துள்ளது என்று கேட்டறிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கும் புட்டிகளுக்கும் அங்கு கட்டுப்பாடு உண்டு. ஆகவே வாந்திக்கென்று பிளாஸ்டிக் பையை நம்பிச் செல்லாமல், மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணாடித் தளப் படகு குறித்து ஓர் எச்சரிக்கை. ஓடும் படகைவிட நின்று தள்ளாடும் படகே அதிகம் குமட்டும். அதில் குனிந்து கீழே பார்ப்பது நோயை இரட்டிப்பாக்கும். இயலாதவர் கரையில் மர நிழலில் அமரட்டும். அவருடன் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும், முறைவைத்து மாறிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மருமகள்தான் துணையிருக்க வேண்டும் என்று எழுதப்படாத சட்டம் வேண்டாம்.

பூங்காவின் வாயிலாகிய வண்டூரின் பெயருக்குப் பின்னும் ஒரு வரலாறு உண்டு. 1921 மலபார் எழுச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளை முஸ்லிம்கள் தம் சொந்த ஊர்களின் பெயர்களை அங்கு சூட்டினார்கள். தெற்கு அந்தமானில் வண்டூர், மஞ்சேரி, திரூர், காலிகட் என்ற ஊர்களைக் கடக்கும்போது அவர்களை நினைவுகூருங்கள். நம் மதரஸாக்களில் பெயர் சொல்லப்படும் தத்துவ மேதை மவ்லானா ஃபள்லுல் ஹக் கைராபாதி அவர்களும் 1861இல் இத்தீவுகளில்தான் கைதியாக இறந்தார்கள். அவர்கள் கடந்த கடலில் நாம் பயணச்சீட்டுடன் செல்கிறோம்.

கடலேறும் நாளில்

காலைக் கப்பலையே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் காற்று எழுமுன் கடல் அடங்கியிருக்கும். ஹேவ்லாக்குக்குச் செல்லும் தனியார் விரைவுக் கப்பல்கள் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் சேர்க்கும்; ஆனால் பெரும்பாலும் மூடிய, குளிரூட்டப்பட்ட அறையிலேயே அமர வேண்டும். அரசுக் கப்பல் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும். மேல்தளத்தில் நின்று காற்று வாங்கவும் தொடுவானத்தைப் பார்க்கவும் வழியுண்டு. விரைவா, திறந்த வெளியா என்பதை அந்த நோயாளியிடமே கேளுங்கள். எந்தக் கப்பலாயினும் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், முன்னோக்கிய இருக்கை சிறந்தது. முன்முனையில் ஆட்டம் மிகுதி.

முந்திய இரவு பிரியாணி விருந்து வேண்டாம். வெறும் வயிறும் நல்லதன்று. இட்லி, ரொட்டி போன்ற எளிய உணவைச் சிறிதளவு உண்டு, இஞ்சித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியைப் பார்ப்பதும் நூல் வாசிப்பதும் குமட்டலை விரைவாக வரவழைக்கும். கடலில் ஓத விரும்புவோர் மனனமாயுள்ள ஸூராக்களைத் தொடுவானத்தை நோக்கியபடி ஓதட்டும். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவையும், நூஹ் (அலை) அவர்கள் கப்பலேறுகையில் அல்லாஹ்வின் பெயரை மொழிந்ததையும் பிள்ளைகளுக்குக் கற்பித்து அழைத்துச் செல்லுங்கள்.

மருந்து உண்பது தவக்குலுக்கு முரணானதன்று. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள். மெக்ளிசின், டைமென்ஹைட்ரினேட், ப்ரோமெத்தசின் போன்றவை இதற்கென வழங்கப்படுபவை. புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னரேனும் உண்ண வேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் நிற்பதில்லை. இவை தூக்கத்தை உண்டாக்கும். கருவுற்றவர், பாலூட்டுபவர், கண் அழுத்த நோய் அல்லது சிறுநீர் அடைப்பு உள்ள முதியவர், சிறு குழந்தைகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ப்ரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. ஊரில் ஒரு நாள் உண்டு பார்த்து, உடல் எவ்வாறு ஏற்கிறது என்று அறிந்துகொள்வதும் பயனளிக்கும்.

நம் பெண்களுக்கென்று சில செய்திகள். உயிர்காப்புக் கவச உடையை அபாயாவின் மேல் இறுக்கமாக அணியுங்கள். தளர்வாகத் தொங்கவிட்டால் அது காக்காது. தரையில் புரளும் ஆடை, ஈரமான படகுத்துறையில் வழுக்கிவிடும். சற்று உயர்த்திக் கட்டி, உள்ளே காலுடை அணிந்துகொள்ளலாம். படகில் இறங்கும்போது மஹ்ரமான ஆண் முதலில் இறங்கிக் கைகொடுக்கட்டும். தடுமாறி விழும் நிலையில் படகோட்டி கையைப் பிடித்துக் காப்பாற்றினால் அது நிர்ப்பந்தம். உயிரைக் காப்பது மார்க்கத்தின் நோக்கங்களில் ஒன்று. குமட்டும்போது முகத்திரையை விலக்கிக்கொள்வதிலும் தடையில்லை. அந்த வேளையில் சுற்றியிருக்கும் நம்மவர்தாம் மறைத்து நின்று அவரது கண்ணியத்தைக் காக்க வேண்டும். கைப்பேசியில் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் பகிர்ந்து சிரிப்பது, ஒருவரையொருவர் பரிகசிப்பதைத் தடுக்கும் இறைவசனத்துக்கு (49:11) நேர்மாறான செயல்.

தொழுகையும் தூய்மையும்

அந்தமானிலும் நம் கடிகாரமே. சூரியன் மட்டும் முந்துகிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 12.5 பாகை வேறுபாடு இருப்பதால், தொழுகை நேரங்கள் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடங்கள் முன்னதாக வரும். ஊர் நினைவில் ஆறரைக்கு மஃரிப் என்று எண்ணியிருப்பவர் நேரத்தைத் தவறவிடுவார். கிப்லா மேற்கே சற்று வடக்காக அமையும்.

காலைக் கப்பல் ஸுப்ஹுக்கும் ளுஹருக்கும் இடையில் முடிந்துவிடுவதால் தொழுகைக்கு நெருக்கடி நேராது. மாலையில் திரும்புவோரில் ஷாஃபிஈ மத்ஹபினர் பயணியாக இருக்கும் நிலையில் ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதுவிட்டுக் கப்பலேறலாம். ஹனஃபி மத்ஹபினர் சேர்த்துத் தொழுவதில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் சுருக்கித் தொழுவார்கள். போர்ட் பிளேரிலேயே வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் தங்க நிய்யத் வைத்தவர், ஷாஃபிஈ மத்ஹபின்படி முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இவ்வெல்லை பதினைந்து நாள்கள். இதையும் திட்டமிடும்போதே ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவுபெறுவது சிறந்தது. கப்பலில் தொழ நேர்ந்தால், நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் படுத்துத் தொழலாம். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய சலுகை இதுவே.

வாந்தி இரு மத்ஹபிலும் அசுத்தமே. வாயையும், பட்ட ஆடையையும் கழுவ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அதனால் உளூ முறியாது. ஹனஃபி மத்ஹபில் வாய்நிறைய வந்தால் முறியும். எனவே ஒரு மாற்றுடையும் தண்ணீர்ப் பாத்திரமும் இருக்கைக்கு அருகிலேயே இருக்கட்டும். பெட்டியோடு கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விட வேண்டாம்.

எதைக் காணச் செல்கிறோம்?

பூமியில் ஊர்வனவும் இறக்கைகளால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது அல்குர்ஆன் (6:38). ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். பயணியின் காட்டுயிர் ஒழுக்கத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா? பவளத்தை மிதிக்காதீர்கள்; மானுக்குத் தின்பண்டம் ஊட்டாதீர்கள். கரையில் கிடக்கும் இறந்த பவளமாயினும் எடுத்துவருவது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தமான் உப்புநீர் முதலைகளின் வாழிடமும் கூட. எச்சரிக்கைப் பலகையுள்ள கரையில் நீரில் இறங்குவது துணிச்சலில் சேராது. தன்னைத் தானே அழிவில் போடுவதில் சேரும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று தெரிந்தால், பயண முகவர்கள் பாராடாங் செல்லும் சாலைவழியைப் பரிந்துரைப்பார்கள். சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் காணலாம் என்பார்கள். அச்சாலை ஜாராவா மக்களின் காப்புக்காட்டின் ஊடே செல்கிறது. 'வழியில் ஜாராவாக்களையும் பார்க்கலாம்' என்று குரல் தாழ்த்திச் சொல்பவரும் உண்டு. அப்பகுதியில் அச்சாலையை மூடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் காவல்துறைப் பாதுகாப்புடன் வாகன அணிகள் தொடர்ந்து சென்றுவந்தன. அங்கு நிறுத்துவதும் படமெடுப்பதும் தடைசெய்யப்பட்டவை. ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியதாக அல்லாஹ் கூறுகிறான் (17:70). அவ்வசனம், அவர்களைக் கரையிலும் கடலிலும் சுமந்து செல்வதையும் சேர்த்தே பேசுகிறது. கடலில் நம் உடல் துன்புறாமலிருக்க, கரையில் இன்னொரு சமுதாயத்தின் கண்ணியத்தை மிதித்துச் செல்வதா? காட்டுயிர் காணும் பட்டியலில் மனிதரைச் சேர்க்கும் பயணம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். பாராடாங்கை விட்டுவிடுங்கள். குகையைக் காணாததால் எவருக்கும் குறை வந்துவிடாது.

சில மறுப்புகள்

'ஒருவருக்காகப் பத்துப் பேர் தம் மகிழ்ச்சியை இழப்பதா?' என்று கேட்பார்கள். இழக்கச் சொல்லவில்லை. விரும்பும் இளைஞர்கள் ஒரு பகல் பிரிந்து தொலைதீவுக்குச் சென்று வரட்டும். குடும்பத்தின் பொதுத் திட்டம் மட்டும் எல்லோராலும் இயன்றதாக இருக்கட்டும். மேலும், பள்ளி மாணவன் ஒருவன் ஐந்து தீவுகளை ஓடி ஓடிப் பார்த்து நினைவில் கொள்வதைவிட, ஒரு காட்டில் தன் வாப்புச்சாவுடன் அமர்ந்து ஒரு மரங்கொத்தியைப் பார்த்ததை நீண்ட நாள் நினைவில் கொள்வான்.

'பொறுமைதானே ஈமானில் பாதி, கொஞ்சம் தாங்கிக்கொண்டால் என்ன?' என்பாரும் உண்டு. தவிர்க்க முடியாத துன்பத்தில்தான் பொறுமை கடமையாகிறது. நாமே உண்டாக்கும் துன்பத்தைப் பிறர் மீது சுமத்திவிட்டு அவரிடம் பொறுமையைக் கேட்பது நீதியன்று. அல்லாஹ் நமக்கு இலகுவையே நாடுகிறான் (2:185).

'இதற்கெல்லாம் செலவிடுவது வீண்விரயமல்லவா?' என்ற கேள்வி நியாயமானது. கடன் வாங்கியோ, ஜகாத்தைத் தாமதித்தோ, பிள்ளையின் கல்விக் கட்டணத்தை ஒத்திவைத்தோ செல்லும் பயணம் வேண்டாம் என்பதே நம் விடை. வசதியுள்ளவர் தம் பெற்றோரையும் மனைவி மக்களையும் மகிழ்விக்க அளவோடு செலவிடுவது நற்செயலே. கடல்வழிகளைக் குறைக்கும் திட்டத்தில் பயணச்சீட்டுச் செலவும் குறைகிறது.

'உம்மாவே வரவில்லை என்கிறார்' என்று சொல்லி முடித்துவிடுவோர், ஒருமுறை மீண்டும் கேட்டுப் பாருங்கள். பயணத்தை விரும்பாமல் மறுக்கிறாரா, பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவோம் என்று அஞ்சி மறுக்கிறாரா? நம் தாய்மார்கள் பெரும்பாலும் இரண்டாவதை முதலாவதைப் போலச் சொல்வார்கள். 'கடலே ஏறாமல் ஒரு வாரம், பறவைகளும் காடும் பள்ளிவாசலுமாக' என்று திட்டத்தை எடுத்துரைத்த பிறகும் அவர் மறுத்தால், அது அவரது விருப்பம், மதிக்க வேண்டும். அதற்கு முன் மறுத்ததை விருப்பம் என்று எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

கரையிலும் கடலிலும் நம்மை நடத்திச் செல்பவனாகிய அல்லாஹ் (10:22), நம் பயணங்களை அவனை நினைவூட்டும் பயணங்களாக ஆக்குவானாக! நம்மில் பலவீனமானவர்களைச் சுமையாகக் கருதாத உள்ளத்தையும், அவர்களுக்காகப் பின்தங்கி நடக்கும் பாதங்களையும் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.